இரவல் நாயகர்களும் இறந்துபட்ட விளையாட்டுக்களும்

ஒரு சமுதாயத்தின் கலைச் செல்வத்தைக் கணக்கிடப் புகுவோர் காவியம், நாடகம், கூத்து, இசை, சிற்பம், திரைப்படம் என வரிசைப்படுத்தி அவ்வளவில் நின்றுவிடுவது வழக்கம். இவ்வரிசையிலே கைத்தொலைபேசி விளையாட்டுக்கும் ஓர் இடமுண்டா என்று கேட்டால், நம் விமர்சகருட் பலர் நகைப்பர். பொழுதைப் போக்கும் பொருள், மாணவரின் படிப்பைக் கெடுக்கும் பொருள் என்ற அளவிலேதான் அதனைப் பற்றிய பேச்சு நம்மிடையே நிகழ்கின்றது. ஆயின், கினிகத்தேனையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் எடுத்து நோக்குவோமாக. நூலகம் இல்லாத தோட்டப் பிரிவுகள் இங்கு உண்டு. திரையரங்கினுட் சென்றறியாத பிள்ளைகள் உண்டு. கைத்தொலைபேசி எட்டிப் பாராத லயத்தைக் காண்பதோ அரிது. கொழும்பிலே கடைச் சிப்பந்தியாக வேலை பார்க்கும் அண்ணன் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்த பழைய தொலைபேசியிலேதான் நம் மாணவருட் பலர் முதன்முதலாக ஒரு கதைநாயகனைத் தம் விரலால் இயக்கிப் பார்த்தனர். அந்த அனுபவத்தைக் கலை விமர்சனம் புறக்கணிக்குமாயின், அது மக்களின் வாழ்விலிருந்தே தன்னைத் துண்டித்துக் கொள்கின்றது என்றே கூறவேண்டும்.

இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொள்வது அவ்விளையாட்டுக்களுள் ஒரு சிறு பிரிவை. பெரும் நிறுவனங்களைச் சாராத சிறு குழுவினர், உலகறிந்த பழைய பாத்திரங்களை உரிமம் பெற்று, அவற்றைத் தம் விளையாட்டுக்களில் ஆடவிட்டனர். குறித்த காலம் கழிந்தது. உரிமம் முடிந்தது, அல்லது உரிமையாளரின் மனம் மாறியது. விளையாட்டு கடையிலிருந்து அகற்றப்பட்டது. இன்று அவற்றை ஆடிப்பார்க்க விரும்பும் ஒருவருக்கு நேரிய வழி எதுவும் இல்லை. அச்சிட்ட நூல் ஒன்று கடையில் தீர்ந்துபோனாலும் எங்கோ ஒரு வீட்டு அலுமாரியில் அதன் பிரதி எஞ்சியிருக்கும். இவ்விளையாட்டுக்களோ பிரதி எஞ்சாத முறையிலேயே விற்கப்பட்டவை. இவ்விழப்பின் தன்மை யாது? இதற்குக் காரணம் இயந்திரமா, உடைமை உறவா? இவையே நம்முன் உள்ள வினாக்கள்.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவாக்குதல் வேண்டும். பிறர் படைத்த பாத்திரத்தை வாடகைக்கு எடுத்துச் செய்த விளையாட்டிலே கலை எங்கே இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வி தமிழிலக்கியம் அறிந்தார் கேட்கத்தகாதது. வான்மீகியின் பாத்திரங்களைக் கம்பன் எடுத்தாண்டான். அதனால் கம்பன் சிறுத்தானல்லன். அகலிகையின் கதையைப் புதுமைப்பித்தன் 1943ஆம் ஆண்டு ‘சாபவிமோசனம்’ எனும் சிறுகதையாக்கியபோது, பழைய பாத்திரம் புதிய காலத்தின் கேள்வியைச் சுமந்து நின்றது. பழம் பாத்திரத்தைக் கையேற்றுப் புதிய பொருள் ஏற்றுவது நம் மரபின் அடிப்படை இயல்புகளுள் ஒன்று. விளையாட்டுத் துறையிலும் இது நிகழக்கூடும் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம்.

1980ஆம் ஆண்டு யப்பானின் நாம்கோ கம்பனி வெளியிட்ட பாக்மேன் எனும் விளையாட்டை அறியாதார் இல்லை. வாய் பிளந்த மஞ்சள் வட்டம் ஒன்று புதிர்வழியிற் புள்ளிகளை விழுங்கிச் செல்ல, நான்கு பேய்கள் அதனைத் துரத்தும். அவ்விளையாட்டின் கட்டத்தை எண்ணுவதற்கு வகுக்கப்பட்ட நினைவிடம் 255 வரையே கொள்ளும். எவரும் அவ்வளவு தூரம் வரமாட்டார் என்று ஆக்கியோர் கருதினர் போலும். ஆயின் திறமை மிக்க சிலர் வந்தனர். 256ஆம் கட்டத்தில் எண் தடுமாறித் திரையின் வலப்பாதி முழுவதும் பொருளற்ற எழுத்துக்களும் குறிகளுமாகச் சிதைந்தது. அதற்கப்பால் ஆட வழியில்லை. அவ்வுலகின் முடிவு அதுவே.

முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின் அவுஸ்திரேலியாவின் ஹிப்ஸ்டர் வேல் எனும் சிறு குழு, உரிமையாளரின் இசைவோடு, 2015 ஆகஸ்ட் மாதத்தில் ‘பாக்மேன் 256’ எனும் கைத்தொலைபேசி விளையாட்டை ஆக்கியது. அதிலே அந்தச் சிதைவே எதிர்நாயகன். கீழிருந்து அது புதிர்வழியைத் தின்றுகொண்டே மேலேறி வரும். பாக்மேன் முடிவின்றி மேல்நோக்கி ஓடவேண்டும். நின்றால் அழிவு. இடைவிடாது 256 புள்ளிகளை விழுங்கினால் திரையிலுள்ள பேய்கள் யாவும் மடியும். ஒரு கணிப்புப் பிழையை, ஓர் உலகத்தின் எல்லையை, கதையின் மையமாக்கிய இவ்வமைப்பு வெறும் வணிக உத்தியன்று. பழைய ஆக்கத்தைக் கூர்ந்து படித்தவரால் மட்டுமே எழுதத்தக்க உரை அது. பாத்திரம் இரவல், பார்வை சொந்தம். இத்தகைய ஆக்கங்கள் அழிந்துபடும்போது அழிவது விளம்பரப் பொருளன்று, ஒருவகை விமர்சனப் படைப்பே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இதே குழுவினரின் மற்றோர் ஆக்கத்துக்கு நேர்ந்த கதியை அடுத்து நோக்குவோம். இவர்களுக்குப் புகழ் தேடித் தந்தது 2014 நவம்பரில் வெளிவந்த ‘குரொசி ரோட்’ எனும் விளையாட்டு. ஒரு கோழி வீதியைக் கடக்கவேண்டும். வாகனமும் புகைவண்டியும் ஆறும் குறுக்கிடும். 1981இல் யப்பானின் கொனாமி கம்பனி வெளியிட்ட தவளை விளையாட்டின் வழிவந்தது இது. அதன் வெற்றியைக் கண்ட டிஸ்னி நிறுவனம் தன் பாத்திரங்களை இவர்களிடம் ஆடக்கொடுத்தது. 2016இல் ‘டிஸ்னி குரொசி ரோட்’ வெளிவந்தது. மிக்கி மவுஸ் முதலாக நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் சிறுசிறு கட்டைகளால் அடுக்கிய பொம்மைகள் போல உருவம் பெற்றன. ஒவ்வொரு திரைப்பட உலகுக்கும் ஏற்பத் தடைகளும் ஓசைகளும் மாறின. கோடிக்கணக்கான பணம் செலவிட்டு எடுத்த படங்களின் பாத்திரங்கள், வீதியைக் கடக்க அஞ்சும் சிற்றுயிர்களாக நின்ற காட்சியில் ஓர் அங்கதம் இருந்தது. பெரியவற்றைச் சிறியவையாக்கிக் காணும் நகைச்சுவை நாட்டார் கலைக்கு அந்நியமானதன்று. நம் கூத்துக்களில் வரும் கோமாளி அரசனைக் கேலி செய்வதும் இவ்வகையினதே.

2020 மார்ச் மாதத்தில் இவ்விளையாட்டு நிறுத்தப்பட்டது. நான்கு ஆண்டுகள்! அவ்வளவே அதன் ஆயுள். பிள்ளைகள் நாள்தோறும் ஆடிச் சேர்த்த பொம்மைகளும், சிலர் காசு கொடுத்து வாங்கியவையும் ஒருங்கே மறைந்தன. வாங்கியோம் என்று அவர்கள் எண்ணியது உண்மையில் வாங்கியதன்று. குறித்த காலம் பார்க்க விடப்பட்டதே. அதன் ஆட்டக் காட்சிகளைப் படம்பிடித்து வைத்தோர் உண்டு. ஆயின் விளையாட்டு என்பது படமும் ஓசையும் மட்டுமன்று. அது விதிகளின் தொகுதி. ஆடுவோன் விரலுக்கு அது தரும் மறுமொழியிலேயே அதன் உயிர் தங்கியிருக்கின்றது. கூத்தைப் பற்றிய புகைப்படம் எவ்வாறு கூத்தாகாதோ, அவ்வாறே விளையாட்டின் காட்சிப் பதிவும் விளையாட்டாகாது.

இது மேல்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட இயலாது. நமக்கு அண்மையிலும் இதன் சாயல் தெளிவாகத் தெரிகின்றது. 1999ஆம் ஆண்டு மும்பாயில் விஷால் கொண்டால் தொடங்கிய இந்தியாகேம்ஸ் எனும் நிறுவனம், இத்துறையின் இந்திய முன்னோடிகளுள் ஒன்று. தொடுதிரை வருவதற்கு முன், பொத்தான்கள் கொண்ட நொக்கியா முதலிய தொலைபேசிகளில், ஜாவா எனும் மொழியில் எழுதிய சிறு விளையாட்டுக்கள் ஓடிய காலம் அது. உள்ளங்கையில் அடங்கும் திரையில், மிகக் குறைந்த நினைவிடத்துக்குள், ஒரு நாயகனை ஓடவும் பாயவும் செய்வது எளிய தொழிலன்று. ஒரு புள்ளி கூடினாலும் இடம் போதாது. அத்தகைய நெருக்கடியில் இந்நிறுவனத்தார் ஸ்பைடர்மேன் போன்ற பாத்திரங்களை உரிமம் பெற்று ஆக்கினர். புரூஸ் லீயின் பெயரிலும் ஒரு சண்டை விளையாட்டை வெளியிட்டனர்.

அதன் பின்வந்த வரலாறு உடைமை மாற்றத்தின் வரலாறு. இந்தியாகேம்ஸ் முதலிற் சீனத்தின் டொம் ஒன்லைன் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பின்னர் இந்தியாவின் யூ.டீ.வி. நிறுவனத்தின் கைக்கு வந்தது. இறுதியில் டிஸ்னியின் உடைமையாயிற்று. ஸ்பைடர்மேன் பாத்திரத்தைத் தோற்றுவித்த மார்வல் நிறுவனத்தையும் 2009ஆம் ஆண்டு டிஸ்னியே வாங்கியிருந்தது. பாத்திரமும் ஒரே கையில், பட்டறையும் அதே கையில். 2016 மே மாதத்தில் டிஸ்னி தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தாடும் விளையாட்டுக்களைத் தானே வெளியிடுவதைக் கைவிட்டு, இனிப் பிறருக்கு உரிமம் வழங்குவதையே தன் வழியாகக் கொள்வதென அறிவித்தது. அதே ஆண்டிலேயே இந்தியாகேம்ஸின் கதையும் முடிந்தது. உற்பத்தியிலே உள்ள இலாப நட்டத்தை ஏற்பதைக் காட்டிலும் வாடகை வசூலிப்பது நிலக்கிழாருக்கு எப்போதும் வசதியானது. இதனை அறிந்துகொள்ள நாம் பொருளியல் நூல்களைப் புரட்டவேண்டிய தேவையில்லை. பெருந்தோட்டத்திலே வாழ்வோர் இதனை நாள்தோறும் காண்கின்றனர்.

தமிழகத்திலும் இப்போக்கு புகுந்தது. 2014ஆம் ஆண்டு ‘கோச்சடையான்’ திரைப்படத்தையொட்டி அம்பெய்யும் கைத்தொலைபேசி விளையாட்டொன்று வந்தது. திரைப்படத்தின் வெளியீட்டு நாளைக் குறிவைத்து ஆக்கப்படும் இத்தகைய விளையாட்டுக்களுக்குப் படச் சுவரொட்டியின் ஆயுளுக்கு மேல் ஆயுள் வேண்டுமென்று அவற்றுக்குப் பணம் கொடுத்தோர் எண்ணுவதில்லை. சுவரொட்டியும் ஒருநாள் வரலாற்றுச் சான்றாகும் என்பது அவர்கள் கணக்கிற் சேராது.

இங்கு நம்மை நோக்கி ஒரு மறுப்பு எழுதல் கூடும். ‘விளையாட்டுக்கள் மறைவதற்கு உரிமம் எங்ஙனம் பொறுப்பாகும்? இயந்திரம் மாறுகின்றது, பழையது ஓடாது போகின்றது, அவ்வளவே’ என்பர் சிலர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஜாவா விளையாட்டுக்களைச் சுமந்த தொலைபேசிகள் வழக்கொழிந்தன. 2017 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் தன் இயங்குதளத்தின் 11ஆம் பதிப்பை வெளியிட்டபோது, 32 துணுக்கு அமைப்பில் எழுதிய பழைய செயலிகள் யாவும் ஒரே நாளில் ஓடாதவையாயின. எவருடைய உரிமத்துக்கும் உட்படாத சொந்தப் பாத்திரங்களைக் கொண்ட விளையாட்டுக்களும் அந்த அலையில் அடிபட்டுப் போயின. இதனை நாம் ஏற்கின்றோம்.

ஆயினும் இயந்திர மாற்றம் தீர்க்கமுடியாத நோயன்று என்பதற்குக் கண்முன்னே சான்றுண்டு. கணினி உலாவிகளில் ஓடிய ஃபிளாஷ் எனும் தொழில்நுட்பத்தை அதன் உரிமையாளரான அடோபி 2020 டிசெம்பர் 31ஆம் நாளோடு கைவிட்டது. அதற்கு முன்னரே ஃபிளாஷ்பொயின்ற் எனும் திட்டத்தின் தொண்டர்கள், சம்பளம் எதுவுமின்றி, பல்லாயிரக்கணக்கான விளையாட்டுக்களைத் திரட்டிக் காத்துவிட்டனர். பழைய இயந்திரத்தின் நடத்தையைப் புதிய இயந்திரத்தில் நடித்துக்காட்டும் மென்பொருள் எழுதுவது அறிவு சார்ந்த உழைப்பு. அவ்வுழைப்பைத் தர மக்கள் முன்வருகின்றனர். அவர்களைத் தடுத்து நிறுத்துவது சட்டம். அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று நிலையம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான பழைய விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 பங்கு இன்று விலைக்குக் கிடைப்பதில்லை எனக் கண்டது. நூலகங்கள் அவற்றைத் தொலைவிலுள்ள ஆய்வாளருக்கும் ஆடிப்பார்க்கத் தர அனுமதிக்கவேண்டும் என்று கேட்ட விண்ணப்பத்தை, 2024 ஒக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் நிராகரித்துவிட்டது. சொந்தப் பாத்திரம் கொண்ட விளையாட்டுக்கு ஓர் உரிமையாளரிடம் இசைவு கேட்டால் போதும். இரவற் பாத்திரம் கொண்டதற்கு இருவரிடம் கேட்கவேண்டும். ஆக்கியவர் விரும்பினாலும் அவர் தம் ஆக்கத்தைத் திரும்ப வெளியிட இயலாது. இயந்திரம் நோயைத் தந்தது. மருந்து கொடுக்கவிடாமல் கதவைப் பூட்டியது உடைமை. இதுவே நம் முடிபு.

இக்கருத்தை விளக்கத் தென்னிந்தியத் திரைப்பட வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டல் பொருந்தும். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ இல்லை. தென்னகத்தின் மௌனப் படங்கள் ஏறத்தாழ முழுவதும் அழிந்தன. ஆயின் 1933ஆம் ஆண்டின் ‘மார்த்தாண்ட வர்மா’ எஞ்சி நின்றது. சி. வி. ராமன் பிள்ளையின் புகழ்பெற்ற மலையாள நாவலைத் தழுவிய இப்படத்தின் மீது, நாவலின் உரிமையைப் பெற்றிருந்த திருவனந்தபுரத்துக் கமலாலயா புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் அரங்கிலிருந்து அகற்றப்பட்டது. அதாவது, இதுவும் உரிமப் பூசலால் மறைந்த படைப்பே. ஆனால் அந்தப் படச்சுருள் பதிப்பகத்தாரின் வசத்திற் பல்லாண்டு கிடந்து, 1974இல் பூனாவிலுள்ள இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. படத்தைக் கொன்ற வழக்கே அதனைக் காத்தது என்று சொன்னாற் பிழையாகாது. கைப்பற்றுவதற்கு அங்கு ஒரு சுருள் இருந்தது. பூட்டி வைப்பதற்கு ஒரு பெட்டி இருந்தது. இன்று கடையிலிருந்து நீக்கப்படும் விளையாட்டிலே கைப்பற்றுதற்கு எதுவுமில்லை. பறிமுதல் செய்யப்பட்ட படம் அடைந்த பாக்கியத்தைக்கூட அது அடைவதில்லை.

இனி, இச்சிறு பட்டறைகளின் நிலையை உழைப்பாளரின் நிலையிலிருந்து நோக்குவோம். இவர்களைச் ‘சுயாதீன’ ஆக்குநர் என்பர். எதிலிருந்து சுயாதீனம்? சம்பளம் தரும் முதலாளியிடமிருந்து விடுபட்டிருக்கலாம்; நிலத்தின் உடைமையாளனிடமிருந்து விடுபடவில்லை. மலையகத்தார்க்கு இந்நிலை விளக்காமலே விளங்கும். நம் முன்னோர் காட்டை அழித்து மலையைத் தோட்டமாக்கினர். லயத்தின் ஓரத்தில் மண்ணைக் கொத்தி மரக்கறி நட்டனர். வாசலிற் பூஞ்செடி வைத்தனர். அறையைச் சொந்தக் காசில் திருத்தினர். உழைப்பு அவர்களுடையது; இடம் தோட்டத்தினுடையது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. கை மாறிய ஒவ்வொரு முறையும் லயத்தார் அதே லயத்திலேயே இருந்தனர். இரவற் பாத்திரத்தின் மீது விளையாட்டுக் கட்டுவோனும் பிறர் காணியிலே தன் செலவில் வீடு கட்டுவோனை ஒத்தவனே. சுவர் அவனுடையதாயினும் அதனைக் காத்துக்கொள்ளும் உரிமை அவனுக்கில்லை.

இவ்வொப்புமையை அளவு கடந்து இழுத்தல் கூடாது. மெல்பேர்ணிலோ மும்பாயிலோ கணினி முன் அமர்ந்திருப்போர் கொழுந்து பறிப்போரின் வறுமையை அறிந்தவரல்லர். தவிரவும், உரிமம் பெற்ற பாத்திரம் அவர்களுக்குப் பயன் தந்ததுமுண்டு. இலட்சக்கணக்கான செயலிகளின் நெரிசலில், பெயரறியாத ஒரு சிறு குழுவின் ஆக்கத்தை மக்கள் திரும்பிப் பார்ப்பது அறிந்த முகம் ஒன்று அதிலிருப்பதாலேயே. சிலருக்கு அவ்வருவாயே அடுத்த ஆண்டுச் சோறு. ஆகவே உரிமம் பெறுவதே குற்றமென்று நாம் வாதிடவில்லை. உரிமம் முடியும்போது ஆக்கமும் சாகவேண்டும் என்று எழுதப்படும் ஒப்பந்தத்தையே நாம் சாடுகின்றோம்.

மிக்கி மவுஸ் தோன்றிய 1928ஆம் ஆண்டின் குறும்படம், 95 ஆண்டுக் காவலுக்குப் பின், 2024 சனவரி 1ஆம் நாள் அமெரிக்காவிற் பொதுவுடைமையாயிற்று. பாத்திரத்தை அடைத்துவைக்க 95 ஆண்டு; அப்பாத்திரத்தை ஆடவைத்த விளையாட்டுக்கு நான்கு ஆண்டு வாழ்வு. படைப்பாளிக்கு ஊக்கம் தருவதற்கென்று பிறந்த சட்டம், ஆக்கத்தின் ஆயுளைச் சுருக்கி உடைமையின் ஆயுளை நீட்டும் கருவியாகிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டுவதில்லை. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளைப் படைப்பாக ஏற்று, படைப்பாளி இறந்தபின் 70 ஆண்டுவரை காவல் தருகின்றது. எந்தத் தொலைபேசி 70 ஆண்டு ஓடும்? காவல் முடிந்து மக்கள் கைக்கு வரவேண்டிய நாளில் வருவதற்கு அங்கு ஒன்றும் இராது.

இதற்கு மாறான ஒரு முறையை நம் மலைநாட்டிலேயே காண்கின்றோம். மாசி மாதத்தில் தோட்டந்தோறும் காமன் கூத்து நிகழ்கின்றது. காமனை ஊன்றி, ரதியும் மன்மதனும் ஆடி, தூதனும் வீரபத்திரனும் வந்து, ஈற்றிற் காமன் எரிக்கப்படுவான். மன்மதன் எவருடைய உடைமையுமல்லன். ஒரு தோட்டத்தார் பாடும் பாட்டை அடுத்த தோட்டத்தார் மாற்றிப் பாடலாம். வேடத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். எரித்த காமன் மறுமாசியில் மீண்டும் எழுவான். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இவ்வாறே தமிழகத்திலிருந்து கூலிகளாக வந்தோரின் நினைவில் ஏறி வந்து இம்மலைகளில் வேரூன்றின. கப்பலேறி வந்தவர்களிடம் உரிமப் பத்திரம் கேட்டிருந்தால் இன்று மலையகத்திற் கூத்தே இராது.

பொதுவுடைமைப் பாத்திரம் தானாகவே நிலைக்கும் என்று நாம் கனவு காணவில்லை. பாடத்தெரிந்த முதியோர் மறைகின்றனர். இளைஞர் கொழும்புக்குச் செல்கின்றனர். தப்படிப்பவர் இல்லாத தோட்டங்களும் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டத்துப் பாடல்களைத் திரட்டி ஏட்டில் ஏற்றாதிருந்தால் எவ்வளவோ போயிருக்கும். வேறுபாடு யாதெனின், காமன் கூத்தைக் காக்க முனைவோனை எவரும் நீதிமன்றுக்கு இழுக்கமாட்டார். அங்கு தேவைப்படுவது ஆளும் அக்கறையுமே. இரவல் விளையாட்டிலோ ஆளும் அக்கறையும் இருந்தும் கைகள் கட்டப்பட்டுள்ளன. பொதுச்சொத்தும் தனிச்சொத்தாக மாறிவருவதைக் கவனித்தல் வேண்டும். மகாபாரதத்து வீமன் எல்லார்க்கும் உரியவன். அவன் சாயலில் 2008ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் எழுந்த சோட்டா பீம் ஐதராபாத்துக் கம்பனியொன்றுக்கு உரியவன். அவனை வைத்து விளையாட்டுச் செய்ய விரும்புவோர் அக்கம்பனியின் இசைவைப் பெற்றாகவேண்டும். நம் பிள்ளைகள் இரண்டாமவனை அறிந்த அளவுக்கு முதலாமவனை அறியார் என்பது வகுப்பறையிலே நாம் காணும் உண்மை.

ஆகவே செய்யவேண்டுவன யாவை? இலங்கையில் 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் அச்சிடும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்கப் பணித்தது. இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின் வழியே சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்கள் பிரதி பெறுகின்றன. அச்சுநூலை நோக்கி வகுத்த அவ்விதி, விற்பனைக்கு வரும் விளையாட்டுக்கும் விரிவுபடுத்தப்படல் வேண்டும். ஓடும் பிரதியும் அதன் மூல நிரலும் வெளியீட்டு நாளிலேயே காப்பகத்தை அடையவேண்டும். உரிமம் முடிந்தபின் விற்பனை நிற்கட்டும், பிரதி நிற்கவேண்டும். உரிமம் பெறும் சிறு பட்டறையினர் தனித்தனியே பேரம் பேசினால் இதனைப் பெறமாட்டார். சங்கமாக நின்று கேட்டாற் பெறக்கூடும். தோட்டத் தொழிலாளர் வரலாறு காட்டும் பாடம் இதுவே.

2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகள் நம்மிடம் உண்டு. தமிழில் வெளிவந்த விளையாட்டுக்களையும், தமிழர் ஆக்கியவற்றையும் பட்டியலிடும் பணியாவது இப்போதே தொடங்கப்படல் வேண்டும். பெயர், ஆக்கியோர், ஆண்டு, ஆட்ட விதி, ஆடியோரின் வாய்மொழி ஆகியவற்றைக் குறித்து வைப்பதற்கு எவருடைய உரிமமும் தேவையில்லை. உயர்தர வகுப்பு மாணவர் ஒரு குறிப்பேட்டிலே இதனைத் தொடங்கலாம். பழைய தொலைபேசிகளைத் தூக்கி வீசுமுன் அவற்றுள் இருப்பதைப் பார்க்கலாம். கணினி பயிலும் நம் இளைஞர் ஆக்கத்தில் இறங்குவாராயின், இரவல் நாயகனைத் தேடி அலையுமுன் தம் தோட்டத்துக் காமனையும் அருச்சுனனையும் நினைக்கட்டும். ஆக்கியபின் நிரலைப் பூட்டாது பொதுவில் வைக்கட்டும்.

விமர்சகருக்கும் இதிலே கடமையுண்டு. கீசக வதம் ஓடிய காலத்தில் அதனைப் பார்த்து விரிவாக எழுதியோர் பலர் இருந்திருந்தால், படம் அழிந்தபின்னும் அதனைப் பற்றி நாம் அறியக்கூடியது மிகுதியாயிருக்கும். அப்போதைய கற்றோர் திரைப்படத்தை இழிந்த பொழுதுபோக்கென ஒதுக்கினர். அதன் பலனை இன்று அனுபவிக்கின்றோம். கைத்தொலைபேசி விளையாட்டை இன்று ஒதுக்கும் நாமும் அதே பலனை நம் மாணவருக்கு விட்டுச்செல்வோம். அவர்கள் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் விளையாட்டுக்களுட் பல அடுத்த மாசிக்கு இரா. இருக்கும்போதே பார்ப்போம், பார்த்ததை எழுதுவோம்.